இரண்டு இரவு பார்த்த மீன்

கடல் தெரியாத ஊரிலே பிறந்தவன் மீனைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பாகத் தோன்றலாம். மாத்தளை மாவட்டத்தின் எந்த எல்லையிலும் கடல் இல்லை. கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர் மதிலெனக் கிடக்கிறது. தெற்கே உக்குவெல, இறத்தோட்டைப் பக்கங்களில் தேயிலையும் இறப்பரும் கொக்கோவும் மிளகுக் கொடியும் படர்ந்திருக்கின்றன. வடக்கே மலை இறங்கி, நாவுல, தம்புள்ளை, கலேவெல எனக் குளங்களும் வயல்களும் காடுகளும் விரிகின்றன. திணை வகுத்த நம் முன்னோரின் கணக்கில் குறிஞ்சியும் முல்லையும் மருதமும் இங்கே ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கின்றன எனலாம். நெய்தல் ஒன்றுதான் இல்லை. ஆயினும் நெய்தலின் மீன் எங்களிடம் எப்படியோ வந்துகொண்டுதான் இருந்தது. கருவாடாக வந்தது.

இறத்தோட்டைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் நான் வளர்ந்தேன். மீன் என்ற சொல்லுக்கு அங்கே நெத்தலிக் கருவாடு என்று பொருள். சம்பள நாளாயின் கட்டாக் கருவாடு. விருந்தாளி வந்தால் தகரத்தில் அடைத்த மீன். பச்சை மீன் எங்கள் வீட்டுக்குள் வந்ததாக என் நினைவில் இருப்பது ஒரே ஒரு முறைதான். அதைப் பின்னர் சொல்கிறேன். ஆசிரியர் பயிற்சிக்குச் சென்ற காலத்தில்தான், திருகோணமலையைச் சேர்ந்த ஒரு நண்பரின் வீட்டில், கடலையும் கடல்மீனையும் ஒரே நாளில் கண்டேன். அந்த வீட்டு முற்றத்தில் நண்பரின் தாயார் சிரட்டைக் கரியிலே சுட்டுத் தந்த மீனின் மணம் அதன் பிறகு பல ஆண்டுகள் என்னை விட்டு நீங்கவில்லை.

அந்தக் கடனைத் தீர்க்கும் வாய்ப்பு ஓர் ஓகஸ்ட் விடுமுறையிலே வந்தது. நண்பர் தம் குடும்பத்தோடும் எழுபது கடந்த தாயாரோடும் மாத்தளைக்கு வந்தார். முத்துமாரியம்மன் கோவிலிலே தரிசனம் முடிந்ததும், கண்டலமைக் குளத்துக்கு அருகே உறவினர் ஒருவருடைய சிறு வீட்டில் ஐந்து நாள் தங்குவதென ஏற்பாடாயிற்று. கடலோரத்திலிருந்து வந்தவர்களுக்கு என் கையால் கடல்மீன் சுட்டுக் கொடுக்க வேண்டுமென்று ஆசைப்பட்டேன். அந்த ஆசையில் சிறிது அகந்தையும் கலந்திருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

முதல் நாள் பிற்பகல் வழியோரக் கடையொன்றில் மூன்று கிலோ எடையுள்ள பாரை மீன் ஒன்றை வாங்கினேன். நான் பார்த்தவை மூன்று: மீனின் பெயர், அதன் பருமன், அதன் விலை. பெயர் கேள்விப்பட்டது; உடல் பெரிது; விலையும் அதிகம். ஆகவே நல்ல மீனாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். கடைக்காரர் அதன்மேல் ஒரு கை தண்ணீர் தெளித்தார், மீன் பளபளத்தது, நானும் மகிழ்ந்தேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்தபோது தாயார் அருகே வந்து அமர்ந்தார். பெருவிரலால் செவுள் மூடியைத் தூக்கிப் பார்த்து, மெதுவாக மூடினார். வயிற்றை ஒருமுறை அழுத்தினார். பிறகு, மற்றவர்களுக்குக் கேளாத குரலில், "தம்பி, இந்த மீன் ரெண்டு இரவு பாத்திட்டுது. சுட்டால் தாங்காது. புளி விட்டுக் குழம்பாக்குவம்" என்றார்.

நான் கேட்கவில்லை. "சுடுவதற்கென்றே வாங்கினேன் அம்மா" என்று சொல்லி நெருப்பை மூட்டினேன். சிரட்டைகள் சுவாலைவிட்டு எரிந்துகொண்டிருக்கும்போதே கம்பித் தட்டை வைத்து, கழுவிய ஈரம் காயாத மீனை முழுதாக அதன்மேல் கிடத்தினேன். ஐந்து நிமிடத்துக்குள் தோல் கருகிக் கம்பியோடு ஒட்டிக்கொண்டது. திருப்ப முயன்றபோது சதை பிய்ந்து பாதி நெருப்பில் விழுந்தது. மீதிப் பாதியில் முள்ளை ஒட்டிய இடம் வேகவே இல்லை. அன்றிரவு விருந்தினர் தேங்காய்ச் சம்பலோடு சோறுண்டு, "நல்ல சாப்பாடு" என்று சொல்லி எழுந்தனர். அந்த நாகரிகம் என்னைக் கடிந்துகொண்டிருந்தால்கூட அவ்வளவு சுட்டிராது.

மறுநாள் விடியுமுன்பே தாயார் என்னை எழுப்பினார். "வாருங்கோ தம்பி, மீன் பாக்கப் போவம்" என்றார். மீன் வாங்கப் போவோம் என்று அவர் சொல்லவில்லை. பார்ப்பது வேறு, வாங்குவது வேறு என்பதுதான் அன்றைய பாடம்.

தம்புள்ளை ஒரு சந்தி ஊர். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் பெருவீதியும், அம்பேபுசையிலிருந்து திருகோணமலை செல்லும் வீதியும் அங்கே கூடுகின்றன. காய்கறி மொத்தச் சந்தைக்கு அது நாடறிந்த இடம். திருகோணமலையிலிருந்து தம்புள்ளைக்கு நூறு கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். பின்னிரவில் புறப்படும் மீன் லொறி விடியுமுன் வந்துசேர்ந்துவிடும். மன்னார் மீனும் மதவாச்சி வழியாக இந்தப் பக்கம் இறங்குகிறது.

அந்த வீதியில் நின்றபோது எனக்கு வேறொன்றும் நினைவுக்கு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கப்பட்ட காலத்தில், தமிழகத்திலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கிய எங்கள் முன்னோர், காட்டினூடாக நூறு மைலுக்கு மேல் நடந்து, தம்புள்ளை, நாலந்தா வழியாகவே மாத்தளைக்கு வந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியில் விழுந்தவர்கள் எத்தனையோ பேர். கண்டியிலிருந்து மாத்தளைக்கு ரயில் வந்தது 1880 ஆம் ஆண்டில்தான். கடலைக் கடந்து வந்தவர்கள் மலையேறிய பின் கடலைத் திரும்பக் காணவில்லை. அவர்கள் நாட்கணக்கில் நடந்த வழியை இன்று மீன் ஒரே இரவில் கடக்கிறது.

தாயார் மீன் கடைகளை ஒருமுறை சுற்றி நடந்தார், எதையும் தொடவில்லை. இரண்டாம் முறை வரும்போதுதான் நின்றார். எனக்கு அவர் கற்பித்ததை அவர் சொன்ன ஒழுங்கிலேயே தருகிறேன்.

முதலில் கண். புதிய மீனின் கண் தெளிந்து புடைத்திருக்கும். பழைய மீனின் கண் மங்கிக் குழிந்துவிடும். பனிக்கட்டி பட்ட கண் சிறிது மங்குவதும் உண்டு. ஆதலால் கண்ணோடு நிறுத்திவிடக் கூடாது. அடுத்தது செவுள். மூடியைத் தூக்கினால் உள்ளே சிவப்பு இருக்க வேண்டும். மண்ணிறமோ சாம்பல் நிறமோ கூடாது. மூடியைத் தூக்கவிடாத கடைக்காரரிடம் மேற்கொண்டு பேச்சே வேண்டாம். மூன்றாவது, சதை. விரலால் அழுத்தினால் குழி உடனே நிரம்ப வேண்டும். நான்காவது, வயிறு. குடலை நீக்காத மீனில் முதலில் கெடுவது அதுவே. வயிறு தளர்ந்து வெடிப்புக் கண்டிருந்தால் உள்ளே கேடு தொடங்கிவிட்டது. கடைசியாக மணம். புதிய மீன் மீன்நாற்றம் வீசாது. கடற்காற்றின் மணமே அதற்கு உண்டு. இறாலாயின் தலை உடலோடு இறுகப் பொருந்தியிருக்க வேண்டும். நண்டாயின் உயிரோடு இருப்பதும், அளவுக்கு மிஞ்சிய கனம் இருப்பதும் நல்ல குறிகள். துண்டாக வெட்டி வைத்த மீனில் கண்ணும் செவுளும் இல்லாமையால், சதையடுக்குகள் பிரிந்து வெடித்திருக்கின்றனவா, நடுவிலுள்ள இரத்தக்கோடு கறுத்துவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

"இவ்வளவையும் பாத்த பிறகுதான் பேரைக் கேளுங்கோ" என்றார் தாயார். நான் பெயரிலே தொடங்கியவன்.

அவர் கடைக்காரரிடம் மூன்று கேள்விகள் கேட்டார்: எந்தக் கரையில் ஏறிய மீன்? எப்போது வந்தது? பனிக்கட்டி எப்போது மாற்றினீர்கள்? கேள்வியின் ஒழுங்கிலேயே கேட்பவர் யார் என்பதைக் கடைக்காரர் உணர்ந்திருக்க வேண்டும். மேசையில் அலங்காரமாகக் கிடந்த பெரிய மீனைக் காட்டி, "அது முந்தாநாள் வந்தது அம்மா, குழம்புக்கு ஆகும்" என்று ஒளிக்காமல் சொன்னார். கீழே ஒரு பெட்டியில் பனிக்கட்டித் தூளுக்குள் புதைந்திருந்த சாளையைக் காட்டி, "இது விடியற்காலை இறக்கியது" என்றார். மேசை மீனின் விலையில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவாகவே சாளை விற்றது. தாயார் ஒரு கிலோ வாங்கினார். தண்ணீர் தேங்காதபடி அடியில் துளையிட்ட கூடையில், மீனின் எடைக்கு எடை பனிக்கட்டி இட்டுக் கட்டச் சொன்னார்.

இதிலே விஞ்ஞானமும் உண்டு. இறந்த மீனின் உடலிலே தன் நொதியங்களும் வெளியிலிருந்து புகும் பற்றீரியாக்களும் வேலை செய்கின்றன. வெப்பம் கூடக் கூட அவ்வேலை விரைவடைகிறது. உருகும் பனிக்கட்டி மீனைப் பூச்சிய பாகை அளவுக்கு இறக்கி அதனைத் தாமதப்படுத்துகிறது. ஆனால் உருகிய நீரிலே மீன் ஊறிக் கிடந்தால் சதை தளர்கிறது. சூரை, சாளை போன்ற மீன்கள் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்னும் பொருள் உண்டாகிறது. அது சமைப்பதால் அழிவதில்லை. உண்டவருக்கு முகம் சிவந்து, தலை இடித்து, உடலெங்கும் தடிப்பு எழும். ஆதலால் காரமும் புளியும் கூட்டினால் எந்த மீனும் சரியாகிவிடும் என்று நம்புவது ஆபத்து. குறிப்பாக மலிவாகக் கிடைக்கும் சாளையை அன்றே வாங்கி அன்றே சமைத்துவிட வேண்டும்.

அன்று மதியம் சுடும் பாடம் நடந்தது. சிரட்டைகள் எரிந்து, சுவாலை அடங்கி, கரி சாம்பற் போர்வை போர்த்தும்வரை தாயார் மீனைக் கிட்டவே கொண்டுவரவிடவில்லை. கம்பித் தட்டுக்கு மேல் உள்ளங்கையைப் பிடித்து, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணும்வரை தாங்க முடிந்தால் அது ஏற்ற சூடு; இரண்டிலேயே கையை எடுக்க நேர்ந்தால் நெருப்பு மிஞ்சிவிட்டது. தட்டை முதலில் நன்றாகக் காயவிட்டு, எண்ணெய் தொட்ட துணியால் துடைத்தார். மீனையும் ஈரம் போக ஒற்றியெடுத்த பின்னரே எண்ணெய் பூசினார். ஈரமுள்ள தோல் முதலில் அவிகிறது; ஈரம் போகும்வரை சிவக்காது. குளிர்ந்த கம்பியிலே வைத்தால் சதை அதனைப் பற்றிக்கொள்கிறது. நேற்று நான் செய்த பிழை இரண்டும் இவையே.

"இப்ப திருப்பட்டோ அம்மா?" என்று நான் அவசரப்பட்டேன்.

"மீன் விடேக்கை திருப்புங்கோ" என்றார். அதன் பொருள் சிறிது நேரத்தில் விளங்கிற்று. தோல் நன்கு சிவந்ததும் அது தானாகவே கம்பியை விட்டு விலகியது. கரண்டியை உள்ளே நுழைத்ததும் எழும்பியது. அதற்கு முன் இழுத்தால் பிய்ந்துதான் வரும். ஓர் அங்குலத் தடிப்புள்ள மீனுக்கு இரு பக்கமும் சேர்த்துப் பத்து நிமிடம் என்பது பொதுவான கணக்கு. கண்ணாடி போலிருந்த சதை வெண்மையடைந்து, முள்ளை விட்டு இதழிதழாகக் கழன்றால் போதும். அதன்மேல் ஒரு நிமிடமும் வேண்டாம்.

நீர்ப்பறவை கூவும் குளக்கரையில் சாளை உண்டோம். மீனைச் சுட்டு உண்பது தமிழருக்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையிலேயே, கரையோர உழைப்பாளர் கடலிறாலைச் சுட்டுத் தின்ற செய்தி இருக்கிறது. வகுப்பிலே அதைப் பலமுறை விளக்கியிருக்கிறேன். ஆனால் நெருப்பின் பக்கத்தில் அமர்ந்து எண்ணிக்கை போட்டுப் பழகியவன் அல்லன் நான். அன்றுதான் அந்த வரிக்குரிய மணம் எனக்குக் கிடைத்தது.

மூன்றாம் நாள் காலை குளத்தங்கரைப் பக்கம் உலாவச் சென்றோம். பக்கத்தண்டு கட்டிய சிறு வள்ளங்கள் கரைசேர்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் இருவர். மாலையில் விரித்த செவுள்வலையை விடியலில் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். ஒரு சிங்கள மீனவரும் அவர் மனைவியும் வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டிருந்தனர். தாயார் எட்டிப் பார்த்து முகம் சுளித்தார்.

"ஜப்பான் மீன். சேத்து மணம் வருமே தம்பி" என்றார்.

ஜப்பான் மீன் என்று நம்மவர் அழைக்கும் இந்தத் திலாப்பியாவுக்கும் ஜப்பானுக்கும் உறவில்லை. அது கிழக்காபிரிக்க நீர்நிலைகளுக்குரியது. 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. நம் முன்னோர் வெட்டிய குளங்களிலே வேளாண்மைக்கு நீர் இருந்தது. ஆனால் பெரிய மீன்பிடிக்கு ஏற்ற மீனினங்கள் குறைவாயிருந்தன. அந்த இடத்தைத் திலாப்பியா நிரப்பிற்று. 1990 இல் அரசு நன்னீர் மீன்பிடிக்கு அளித்துவந்த ஆதரவை நிறுத்திற்று. 1994 இல் மீண்டும் தொடங்கிற்று. 'நக்டா' என்று சுருக்கமாக வழங்கும் அதிகாரசபை 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. அதன் மீன்குஞ்சு நிலையமொன்று தம்புள்ளையிலும் இருக்கிறது. கட்லா, ரோகு போன்ற இந்தியக் கெண்டை வகைகளும் குளங்களில் விடப்படுகின்றன. அம்பன் கங்கையை மறித்து எழுந்து 2018 இல் திறக்கப்பட்ட மொரகஹகந்த நீர்த்தேக்கமும் இம்மாவட்டத்தில்தான் உள்ளது. கடலற்ற மாத்தளைக்கு நீர் இல்லாமற் போகவில்லை.

இவையெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தும், குளத்து மீனை ஏழை மீன் என்று நானும் ஒதுக்கியே வந்தேன். தாயாரின் முகச்சுளிப்பைக் கண்ட மீனவரின் மனைவி சிரித்தார். "அம்மே, எடுத்துப் பாருங்கள்" என்று சிங்களத்தில் சொல்லி ஒரு மீனை நீட்டினார். நான் இடையில் நின்று மொழிபெயர்த்தேன். தாயார் தம் வழக்கப்படி செவுளைத் தூக்கினார். அது இன்னும் அசைந்துகொண்டிருந்தது. அவர் விரல் அப்படியே நின்றுவிட்டது.

"இது ஓர் இரவும் பாக்கயில்லை" என்றார் தாயார்.

அதன் பின் அவர் மாணவியானார். முன்னிரவிலே வலையில் சிக்கி இறந்த மீன் தளர்ந்திருக்கும், அதைக் கருவாட்டுக்கு ஒதுக்குவோம். விறைத்திருப்பதையும் துடிப்பதையும் பச்சையாக விற்போம் என்று அந்தப் பெண் விளக்கினார். பெண்மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாய்க்குள் வைத்துக் காப்பது என்றும், சிறு கண் வலை போட்டுக் குஞ்சுகளை அள்ளுவது குற்றம் என்றும் மீனவர் சொன்னார். சேற்று மணத்துக்கும் அவர்களிடம் வழி இருந்தது. வயிற்றின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் கறுப்புச் சவ்வைச் சுரண்டி எடுக்க வேண்டும். பிறகு கொரக்கா என்று சிங்களவரும் கொறுக்காய்ப்புளி என்று தமிழரும் சொல்லும் புளியை அரைத்துத் தடவி அரைமணி நேரம் வைக்க வேண்டும். நீரிலுள்ள சில நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்னும் பொருளே அந்த மணத்துக்குக் காரணம். மழை விழுந்த மண்ணிலிருந்து எழும் மணமும் அதுவே. புளிப்பு அதனைச் சிதைக்கிறது. அந்தப் பெண் பள்ளியிலே இதைப் படித்தவர் அல்லர். அவர் கை அறிந்திருந்தது.

நான்கு மீன் வாங்கினோம். கொறுக்காய்ப்புளியோடு மாத்தளை மிளகும் உள்ளியும் மஞ்சளும் உப்பும் சேர்த்துத் தாயார் அரைத்தார். இரு பக்கமும் முள் தட்டும்வரை மூன்று கீறல் இட்டுக் கலவையை உள்ளே செலுத்தினேன். உப்பு நீரை வெளியே இழுப்பதால், சுடுமுன் மறுபடியும் ஒற்றியெடுத்தேன். இம்முறை சுட்டவன் நான். தாயார் பக்கத்தில் அமர்ந்திருந்தார். மீன் கம்பியை விட்டபோது திருப்பினேன். ஓர் இடத்திலும் பிய்யவில்லை.

உண்ணும்போது, நான் பின்னர் சொல்வதாகக் கூறிய அந்தக் கதையை அவருக்குச் சொன்னேன்.

எனக்கு எட்டு வயதிருக்கும். சம்பள நாளன்று மாத்தளைக்குச் சென்ற என் தந்தையார் ஒரு விளைமீன் வாங்கிவந்தார். பனிக்கட்டி இல்லை, சாக்குத் துணியில் சுற்றி, பஸ் கிடைத்த தூரம் பஸ்ஸிலும் மீதி தூரம் மலைப்பாதையில் கால்நடையாகவும் கொண்டுவந்தார். பச்சை மீன் தின்னப் போகிறோம் என்று நாங்கள் வாசலில் நின்று குதித்தோம். என் தாயார் மீனை முகர்ந்து பார்த்தார். ஒரு சொல்லும் சொல்லாமல் அறுத்து, உப்பைத் திணித்து, அடுப்புக்கு மேலே புகை படும்படி தொங்கவிட்டார். நாங்கள் அழுதோம். "வீணாப் போக விடக்கூடாதுய்யா" என்று மட்டும் சொன்னார். தந்தையார் அன்றிரவு எங்களோடு அமர்ந்து உண்ணவில்லை. அவர் ஏமாற்றப்பட்டார் என்பதும், மலைக்கு ஏறும் மீனிலே மிஞ்சியதுதான் எங்கள் ஆட்களுக்குக் கிடைக்கிறது என்பதும் பின்னாளில் எனக்கு விளங்கிற்று. ஆனால் என் தாயாரைப் பற்றி எனக்குள் ஒரு கூச்சம் இருந்துவந்தது. பச்சை மீனைச் சமைக்கத் தெரியாததால் அவர் அதைக் கருவாடாக்கிவிட்டார் என்றே நான் நினைத்திருந்தேன்.

தாயார் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "உங்கட அம்மா கெட்டிக்காரி தம்பி. கடலைக் காணாமலே மீனைத் தெரிஞ்சிருக்கிறா. அண்டைக்கு அதைச் சுட்டிருந்தால் முந்தநாள் நீங்கள் சுட்ட மாதிரித்தான் இருந்திருக்கும்" என்றார்.

நான் எழுந்து நெருப்பைக் கிளறுவதுபோலத் திரும்பிக்கொண்டேன். என் தாயார் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. செவுளைத் தூக்கிப் பார்க்க அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. முகர்ந்த ஒரே கணத்தில் அந்த மீன் எந்நிலையில் இருக்கிறது, அதை இனி என்னவாக ஆக்கலாம் என்று அவர் முடிவு செய்தார். திருகோணமலைத் தாயாரின் விரலிலும் கண்டலமைப் பெண்ணின் கையிலும் இருந்த அறிவேதான் அவரிடமும் இருந்தது. பாரையின் பெயரையும் பருமனையும் கண்டு மயங்கிய நான்தான் அந்த அறிவை இழந்திருந்தேன்.

விருந்தினர் ஊர் திரும்பிய பின் பாடசாலை தொடங்கிற்று. சுகாதார பாடத்தில் உணவு கெடுதல் பற்றிய பகுதி வந்தபோது, கரும்பலகையில் ஒரு மீனை வரைந்து, கண், செவுள், சதை, வயிறு, மணம் என ஐந்து குறிகளை எழுதினேன். என் மாணவரிற் பெரும்பாலோர் தோட்டத்துப் பிள்ளைகள். சம்பள நாட்களில் லயத்துக்கு மீன் வண்டி வருவதும், அம்மாமார் கிடைத்ததை வாங்குவதும் அவர்களுக்கு நாள்தோறும் தெரிந்த காட்சி. பரீட்சைக்கு வராத பாடம் என்றாலும் ஒருவரும் கண்ணிமைக்காமல் கேட்டனர்.

இரண்டு மாதம் கழித்து வழியிலே அந்த மீன் வண்டிக்காரர் என்னைக் கண்டு வண்டியை நிறுத்தினார். "என்ன மாஸ்டர் இப்படிச் செஞ்சிட்டீங்க? உங்க பிள்ளைங்க செவுளைத் திறந்து பார்க்காம மீனைத் தொட விட மாட்டேங்குது. இப்ப ரெண்டு பெட்டி ஐஸ் கூடப் போட வேண்டியிருக்கு" என்று குறைபட்டுக்கொண்டார். முகத்திலே கோபம் இல்லை. அன்றைக்கு அவரிடம் என்ன மீன் என்று நான் கேட்கவில்லை. வண்டியின் பின்புறம் சென்று, ஒரு மீனின் செவுளை மெதுவாகத் தூக்கிப் பார்த்தேன். சிவப்பாகவே இருந்தது.